சமநிலை என்றால் எது எதற்குச் சமம்?

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் பிளஸ் ஒன் படிக்கும் பெண் கேட்டது இது: "வேதிச் சமநிலைக்கு வரையறை எழுதி முழு மார்க் வாங்கிவிட்டேன். ஆனால் சமநிலை வந்ததும் வினை நின்றுவிடுமா, நடந்துகொண்டே இருக்குமா? சமம் என்றால் இரண்டு பக்கமும் பாதிப் பாதி இருக்குமா? கேட்டால், புத்தகத்தில் உள்ளதை அப்படியே எழுது என்கிறார்கள். எனக்குப் புரியவில்லை சார்."

அம்மா, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிற்காது. பாதிப் பாதி இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இந்த இரண்டு வரியையும் நீ மனப்பாடம் செய்துகொண்டால் பழைய இடத்துக்கே வந்துவிடுவாய். ஏன் நிற்காது, ஏன் பாதி இல்லை என்பது உன் கண்ணிலேயே பட வேண்டும். அதற்குத்தான் மீதியை எழுதுகிறேன். முப்பது வருடத்துக்கு மேல் டெல்டாப் பள்ளிகளில் வேதியியல் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகள் இந்த ஒரு சொல்லில் தடுக்கிய அளவுக்கு வேறு எதிலும் தடுக்கி நான் பார்த்ததில்லை.

அதற்குச் சொல்லே ஒரு காரணம். சமம் என்றதும் மனதில் தராசு வருகிறது. இந்தத் தட்டில் ஒரு கிலோ படிக்கல், அந்தத் தட்டில் ஒரு கிலோ வெல்லம், முள் நடுவில். நிலை என்றாலோ நம் பக்கத்தில் சொல்லவே வேண்டாம். திருவாரூர் ஆழித்தேர் நான்கு வீதியும் சுற்றி வந்து சேர்ந்ததும் "தேர் நிலைக்கு வந்துவிட்டது" என்கிறோம். வடத்தைக் கீழே போட்டாயிற்று, முட்டுக்கட்டை போடுகிறவர்கள் வியர்வை துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாயிற்று, இனி தேர் அசையாது. ஆக, "சமம்" சம அளவைச் சொல்வதுபோல் இருக்கிறது, "நிலை" அசையாமல் நிற்பதைச் சொல்வதுபோல் இருக்கிறது. உன்னுடைய இரண்டு சந்தேகமும் இந்தச் சொல்லின் இரண்டு பாதியிலிருந்து வந்தவைதான்.

இயற்பியலில் அந்தப் பொருள் சரியாகவே பொருந்தும். நிலையில் நிற்கும் தேரைப் பூமி கீழே இழுக்கிறது, தரை அதே விசையோடு மேலே தாங்குகிறது. விசைகள் சமம், தேர் அசையவில்லை. வேதியியல் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டபோது உள்ளே இருந்த பொருளை மாற்றிக்கொண்டது. ஈக்விலிப்ரியம் என்ற ஆங்கிலச் சொல்லும் லத்தீனில் தராசிலிருந்து பிறந்ததுதான், அதனால் ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைகளுக்கும் இதே தொல்லை உண்டு. பாடப்புத்தகத்தில் "இயங்குச் சமநிலை" என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டவைப்பது இதற்காகத்தான். அந்த "இயங்கு" என்பதை யாரும் நிறுத்திப் படிப்பதில்லை.

சரி, இப்போது புளியங்கொட்டை எடுத்துக்கொள். விளையாட்டாகச் சொல்லவில்லை, உண்மையிலேயே எண்ணி எடு. 192 கொட்டை வேண்டும். (ஏன் 192 என்றால், பங்கு போடும்போது கொஞ்ச நேரத்துக்காவது பின்னம் வராமல் இருக்கும்.) திண்ணையில் நீ ஒரு பக்கம், தம்பியோ தங்கையோ எதிர்ப்பக்கம். ஆளுக்கு ஒரு முறம். உன் முறத்தில் இருப்பது வினைபடுபொருள், அதாவது வினை தொடங்கும் பொருள். தம்பி முறத்தில் இருப்பது விளைபொருள், அதாவது அதிலிருந்து உருவாகும் பொருள். விதி இவ்வளவுதான்: ஒவ்வொரு சுற்றிலும் நீ உன் முறத்தில் இருப்பதில் நான்கில் ஒரு பங்கைத் தம்பிக்குத் தள்ள வேண்டும், அதே நேரத்தில் தம்பி தன்னிடம் இருப்பதில் பாதியை உனக்குத் தள்ள வேண்டும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரே சமயம்.

முதலில் 192-ம் உன்னிடம். தம்பி முறம் காலி. முதல் சுற்றில் நீ 48 கொடுக்கிறாய், தம்பியிடம் கொடுக்க ஒன்றும் இல்லை. இப்போது உன்னிடம் 144, அவனிடம் 48. இரண்டாம் சுற்றில் நீ 36 கொடுக்கிறாய், அவன் 24 கொடுக்கிறான். உன்னிடம் 132, அவனிடம் 60. மூன்றாம் சுற்றில் நீ 33, அவன் 30. உன்னிடம் 129, அவனிடம் 63. கவனி: நீ கொடுப்பது குறைந்துகொண்டே வருகிறது, அவன் கொடுப்பது ஏறிக்கொண்டே வருகிறது, இரண்டும் ஒன்றையொன்று நெருங்குகின்றன. இன்னும் ஒரு சுற்று இரண்டு சுற்றில், முழுக்கொட்டையாகப் பார்த்துக் கொடுத்தால், உன்னிடம் 128, அவனிடம் 64 என்று வந்து அடங்கும். அப்போது நீ கொடுப்பது 128-ல் நான்கில் ஒன்று, 32. அவன் கொடுப்பது 64-ல் பாதி, 32.

அதற்குப் பிறகு எத்தனை சுற்று போட்டாலும் 128, 64 தான். எதிர் வீட்டு அத்தை தெருவிலிருந்து எட்டிப் பார்த்து எண்ணினால், "ஒன்றும் நடக்கவில்லையே, விளையாட்டு முடிந்துவிட்டதா?" என்று கேட்பார்கள். உங்கள் இருவருக்கும் கை ஓயவில்லை. சுற்றுக்கு 32 கொட்டை போகிறது, 32 கொட்டை வருகிறது. போகும் வேகமும் வரும் வேகமும் சமம். சமநிலையில் "சமம்" என்பது இதைத்தான் சொல்கிறது. முறத்தில் உள்ள கொட்டைகளை அந்தச் சொல் பேசவே இல்லை.

இப்போது அதே விளையாட்டைத் திருப்பிப் போடு. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. 192-ஐயும் தம்பியிடம் கொடுத்துத் தொடங்கு. முதல் சுற்றில் அவன் பாதியைத் தள்ளுகிறான், 96. நீ கொடுக்க ஒன்றும் இல்லை. இப்போது உன்னிடம் 96, அவனிடம் 96. பாதிப் பாதி! தராசு பார்த்த கண்ணுக்கு இதுதான் சமநிலை. ஆனால் அடுத்த சுற்றைப் போடு. நீ 24 கொடுக்கிறாய், அவன் 48 கொடுக்கிறான். உன்னிடம் 120, அவனிடம் 72 ஆகிவிட்டது. அளவு சமமாக இருந்த அந்த நொடியில்தான் ஓட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அடுத்த சுற்றில் 126, 66. அப்புறம் மெல்ல அதே 128, 64.

இந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் அந்தப் பக்கமிருந்து தொடங்கினாலும் ஒரே இடத்தில் போய் அடங்குகிறது, பார்த்தாயா? அந்த இடத்தை யார் முடிவு செய்தது? நீயும் இல்லை, தம்பியும் இல்லை. நான்கில் ஒன்று, இரண்டில் ஒன்று என்ற அந்த விதிதான். அவனிடம் உள்ளதை உன்னிடம் உள்ளதால் வகுத்தால் 64-க்கு 128, அதாவது அரை. நீ கொடுக்கும் பங்கை அவன் கொடுக்கும் பங்கால் வகுத்தாலும் கால் வகுத்தல் அரை, அதுவும் அரை. 192-க்குப் பதில் 1920 கொட்டை வைத்துக்கொண்டாலும் இந்த அரை மாறாது. பாடத்தில் "சமநிலை மாறிலி" என்று ஒரு எழுத்தைப் போட்டுப் பயமுறுத்துகிறார்களே, அது இதுதான். உண்மையான வினைகளில் வர்க்கம், கனம் மாதிரி அடுக்குகள் எல்லாம் வந்து சேரும், ஆனால் அதன் உயிர் இந்த அரையில் இருக்கிறது. மாறிலி பெரிய எண்ணாக இருந்தால் விளைபொருள் பக்கம் நிறையச் சேர்ந்திருக்கும், சின்ன எண்ணாக இருந்தால் வினைபடுபொருளே அதிகம் மிஞ்சியிருக்கும். பாதிப் பாதி வருவது அபூர்வம்.

ஒரு வருடம் வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "சார், நின்னுடுச்சுன்னா எதுக்கு ரெண்டு அம்புக்குறி?" என்று கேட்டான். அன்றைக்கு நான் அந்தப் பாடத்தை வரையறையிலிருந்து தொடங்கியிருந்தேன். அடுத்த நாளிலிருந்து அவனுடைய கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறேன். வினையை எழுதும் சமன்பாட்டில் ஒரே அம்புக்குறி போட்டால் வினை ஒரு பக்கம் போய் முடிந்தது என்று பொருள். எதிரெதிராக இரண்டு அம்புக்குறி போட்டால் இரண்டு திசையிலும் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இந்தக் குறியை 1884-ல் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் வான்ட் ஹாஃப் என்ற டச்சுக்காரர். 1901-ல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசும் அவருக்குத்தான் கிடைத்தது.

வினை திரும்பியும் போகும் என்று முதலில் உறைத்த கதை உப்போடு சேர்ந்தது, வேதாரண்யம் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும். 1798-ல் நெப்போலியன் எகிப்துக்குப் படையெடுத்தபோது கூடப் போன அறிஞர்களில் பெர்த்தோலே என்ற பிரெஞ்சு வேதியியலர் ஒருவர். அங்கே சுண்ணாம்புக் கல் சூழ்ந்த உப்பு ஏரிகளின் கரையில் சோடா உப்பு, அதாவது சோடியம் கார்பனேட், பொருக்குப் பொருக்காகப் படிந்து கிடப்பதைப் பார்த்தார். அவர் ஆய்வகத்தில் அறிந்திருந்தது இதற்கு நேர் எதிர்: சோடா உப்பையும் கால்சியம் குளோரைடையும் சேர்த்தால் சுண்ணாம்புக் கல்லும் சாதாரண உப்பும் கிடைக்கும். ஏரியிலோ சாதாரண உப்பும் சுண்ணாம்புக் கல்லும் சேர்ந்து சோடா உப்பைத் தந்துகொண்டிருந்தன. உப்பு அவ்வளவு அதிகமாக இருந்ததால் வினை பின்னோக்கித் தள்ளப்படுகிறது என்று அவர் கண்டுகொண்டார். ஒரு பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதே வினையின் திசையைத் தீர்மானிக்கக்கூடும் என்பது அன்றைக்குப் புதுச் செய்தி.

நீயும் உப்பை வைத்தே வீட்டில் பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிக் கல் உப்பைப் போட்டுக் குலுக்கிக்கொண்டே இரு. 100 கிராம் தண்ணீருக்கு ஏறக்குறைய 36 கிராம் வரை கரையும். அதற்கு மேல் போட்டது அடியில் தங்கிவிடும். அதுதான் தெவிட்டிய கரைசல். எவ்வளவு நல்ல சொல் பார், பாயசம் தெவிட்டுகிற மாதிரித் தண்ணீருக்கு உப்பு தெவிட்டிவிட்டது. இப்போது ஒரு பெரிய உப்புக் கல்லின் முனையை உடைத்து மூளியாக்கி உள்ளே போட்டு, மூடியை இறுக்கி, சமையலறை அலமாரியில் வைத்து மறந்துவிடு. மாதக் கணக்கில் கழித்து எடுத்துப் பார்த்தால் கல்லின் உருவம் மாறியிருக்கும், உடைந்த முனை மெல்ல ஒழுங்குபட்டிருக்கும். அடியில் கிடக்கும் மொத்த உப்பின் எடை மட்டும் மாறியிருக்காது. இரவு பகல் வெப்பநிலை ஏறி இறங்குவதும் இதற்குக் கொஞ்சம் துணை செய்யும், ஆனால் அடிப்படை இதுதான்: ஒரு மூலையிலிருந்து உப்பு கரைந்துகொண்டும், வேறு மூலையில் படிந்துகொண்டும் இருக்கிறது. அறிவியலாளர்கள் இதைக் கதிரியக்கச் சோடியம் கொண்ட உப்பை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஏற்கெனவே தெவிட்டிப்போன கரைசலில் அந்த உப்பைப் போட்டாலும், கொஞ்ச நேரத்தில் கரைசலுக்குள்ளும் கதிரியக்கம் வந்துவிடுகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்றால் அது எப்படி உள்ளே போயிருக்கும்?

மூடியை இறுக்கச் சொன்னேனே, அது சும்மா இல்லை. வேதாரண்யம், அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் பாத்தி திறந்து கிடக்கிறது. வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டே போகிறது, திரும்பக் கொடுப்பதில்லை. அதனால் உப்பு படிந்துகொண்டே போகும், வாரிக் குவிக்கலாம். அங்கே சமநிலை வர வழியே இல்லை. வரவும் கூடாது, வந்தால் உப்பு விளையாது. மூடிய பாத்திரத்தில்தான் சமநிலை என்று புத்தகம் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இனி ஒரு எச்சரிக்கை. டெல்டாவில் பலரும் சமநிலைக்கு மேட்டூரை உதாரணம் சொல்வார்கள், நானே பல வருடம் சொல்லியிருக்கிறேன். காலையில் செய்தியில் வருமே: அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி, வெளியேற்றம் இத்தனை. பாசனத்துக்கு அணை திறக்கும் வழக்கமான நாளான ஜூன் 12 நெருங்கும்போது நம் வீடுகளில் வேறு எதையும் இவ்வளவு உன்னிப்பாகக் கேட்பதில்லை. வரத்து 15,000, வெளியேற்றமும் 15,000 என்று வைத்துக்கொள். ஆவியாவதை விட்டுவிட்டால் மட்டம் 100 அடியிலேயே நிற்கும். நேற்றிருந்த 100 அடியும் இன்றிருக்கும் 100 அடியும் ஒரே தண்ணீர் இல்லை. "மட்டம் நிற்கிறது, தண்ணீர் நிற்கவில்லை" என்பதைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. உன் முதல் சந்தேகத்துக்கு இது போதும்.

ஆனால் மேட்டூர் வேதிச் சமநிலை இல்லை. தண்ணீர் ஒகேனக்கல் பக்கமிருந்து வருகிறது, மதகு வழியாகக் கல்லணைக்குப் போகிறது. மதகு வழியாகப் போன தண்ணீர் அதே வழியில் திரும்பி ஏறுவதில்லை. ஒரு வாசலில் வரவு, இன்னொரு வாசலில் செலவு. மேலே வரத்து நின்றால் மட்டம் இறங்கத் தொடங்கிவிடும். புளியங்கொட்டையிலும் உப்புப் பாட்டிலிலும் போகிற வாசலே வருகிற வாசல், வெளியிலிருந்து யாரும் எதையும் ஊற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை. மேட்டூர் மாதிரியானதை நிலையான ஓட்டம் என்று சொல்லலாம். நம் உடம்பும் அந்த வகைதான். சாப்பாடும் காற்றும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும்வரைதான் உடம்புச் சூடு 37 டிகிரியில் நிற்கும். தேர்வில் இந்த வேறுபாட்டைக் கேட்கமாட்டார்கள். ஆனால் கல்லூரிக்குப் போனதும் முதல் வருடத்திலேயே இது உன் காலை இடறும், அதனால் சொல்கிறேன்.

கலைத்தால் என்ன ஆகும்? கோலி சோடாவை எடுத்துக்கொள். கோலி வாயை அடைத்திருக்கும்வரை, தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடு மேலே வரும் வேகமும் மேலே உள்ள வாயு தண்ணீருக்குள் இறங்கும் வேகமும் சமம். குமிழி ஒன்றும் தெரியாது. கட்டைவிரலால் கோலியை அழுத்தியதும் மேலே இருந்த வாயு "டப்" என்று வெளியே ஓடிவிடுகிறது. உள்ளே இறங்கும் வேகம் விழுந்துவிட்டது, வெளியே வரும் வேகம் அப்படியே இருக்கிறது. அந்த வித்தியாசம்தான் நீ பார்க்கும் நுரை. லீ சாட்லியர் தத்துவம் என்று நீளமாக எழுதுவதில் பெரும்பகுதி இந்த ஒரு காட்சிக்குள் இருக்கிறது. சமநிலையைக் கலைத்தால், கலைத்ததை ஈடுகட்டும் பக்கமாக ஓட்டம் சாயும், மறுபடி வேகங்கள் சமமாகும்வரை.

அப்பா வயலுக்கு வாங்கிவரும் யூரியா மூட்டையிலும் இதுதான் இருக்கிறது. யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும். ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்து இரண்டு பங்கு அம்மோனியா ஆகும், அம்மோனியாவும் உடைந்து திரும்பிப் போகும். குளிர்ச்சியாக வைத்தால் சமநிலையில் அம்மோனியா நிறைய இருக்கும், ஆனால் அங்கே போய்ச் சேர யுகமாகும். சூடாக்கினால் சீக்கிரம் சேரும், ஆனால் அம்மோனியா குறைவு. ஜெர்மனியில் ஹேபர் என்ற வேதியியலர் 1909-ல் இதற்கு ஒரு வழி கண்டார். பாஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குப் பெரிதாக்கி, 1913-ல் ஓப்பாவில் ஆலை ஓடத் தொடங்கியது. 400 முதல் 500 டிகிரி வெப்பம், காற்றழுத்தத்தைப் போல் 200 மடங்கு அளவில் அழுத்தம், வினையை வேகப்படுத்த இரும்பு வினையூக்கி. அப்படியும் ஒருமுறை உள்ளே போய் வந்தால் சுமார் 15 சதவீதம்தான் அம்மோனியா ஆகிறது. பிறகு எப்படி ஆலை ஓடுகிறது? உருவான அம்மோனியாவைக் குளிரவைத்துத் திரவமாக்கி வெளியே எடுத்துவிடுகிறார்கள், மீதி வாயுவை மறுபடி உள்ளே விடுகிறார்கள். உன் தம்பி முறத்திலிருந்து யாரோ கொட்டையை அள்ளிக்கொண்டே இருந்தால் அவன் உனக்குத் திருப்பித் தருவது குறையும், நீ அவனுக்குத் தருவதே அதிகமாக இருக்கும். அதே கணக்கு.

வினையூக்கியைப் பற்றி எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. அது அம்மோனியாவைக் கூட்டித் தராது. போவதையும் வருவதையும் ஒன்றுபோல் வேகப்படுத்தும். நிமிடத்துக்கு ஒரு சுற்று போட்ட விளையாட்டைப் பத்து விநாடிக்கு ஒரு சுற்று போட்டால் 128, 64-க்குச் சீக்கிரம் போய்ச் சேர்வாய். ஆனால் போய்ச் சேரும் இடம் அதே 128, 64 தான்.

தேர்வுக்கு நீ எழுதிய வரையறை சரிதான், அதை மாற்ற வேண்டாம். அதன் கீழே உன் சொந்த வரியாக ஒன்று சேர்த்துக்கொள்: செறிவுகள் (ஒவ்வொரு பொருளும் கலவையில் எவ்வளவு இருக்கிறது என்பது) மாறாமல் இருக்கும், ஆனால் சமமாக இருக்க வேண்டியதில்லை, இரு திசை வினைகளும் தொடர்ந்து நடக்கும். திருத்துகிறவர் எந்தப் பள்ளிக்காரராக இருந்தாலும் இதற்கு மார்க் குறைக்க முடியாது.

அப்புறம், கொட்டையைக் கொட்டிவிடாதே. விதியை மட்டும் மாற்று: நீ மூன்றில் ஒரு பங்கு கொடு, தம்பி ஆறில் ஒரு பங்கு கொடுக்கட்டும். மொத்தம் அதே 192. எங்கே போய் அடங்கும் என்று, முதல் கொட்டையைத் தள்ளுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி மடித்து வை. பிறகு எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது.